சவர்க்காரத் தாளில் எறும்பு

கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டல் மனேஜர் எங்கள் பட்டறைக்கு வந்தது நோன்பு மாதத்து ஒரு செவ்வாய், பின்னேரம் சரியாக மூன்று மணி. களப்பில் வளரும் கடற்பாசியைக் காய்ச்சி, கிளிசரின் கலந்து, தட்டில் ஊற்றி, வெயிலில் உலர்த்தினால் பொலித்தீனுக்குப் பதிலாக ஒரு மெல்லிய தாள் கிடைக்கும். ஹோட்டல் அறைச் சவர்க்காரத்தைச் சுற்ற அவருக்கு அது தேவை. அந்த ஓடர் தவறினால் மாதக் கடைசியில் பட்டறையைப் பூட்டுவதாக முதலாளி சொல்லியிருந்தார். தரம் பார்ப்பது என் வேலை.

முதல் தாளை உரித்தேன். பாதி என் விரலில் ஒட்டியது, பாதி மனேஜரின் சேட்டுக் கையில். கூடவே எறும்பு.

"மிஸ், இது சவர்க்காரம் சுத்துற தாளா, எறும்புப் பொறியா?"

காய்ச்சும் பொறுப்பிலிருந்த ஸித்தி ராத்தா முந்திக்கொண்டார். "சேர், எறும்புக்கு நோன்பில்லத்தானே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கக் கூடியது. நாங்கள் எல்லாரும் நோன்பு. சுவை பார்க்க ஆளில்லை. நோன்பில்லாத மனேஜரே சேட்டில் ஒட்டியதைத் தொட்டு விரலை நக்கினார். "நல்லாத்தான் இனிக்கிது. தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாப் போடலாம்."

காய்ச்சும் அறைக்கு ஓடினேன். நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பள்ளிவாசலுக்கு அனுப்பும் கடற்பாசி இனிப்பையும் அதே அடுப்பில்தான் செய்வோம். கிளிசரினுக்கும் சீனிப்பாணிக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன்கள். பெயர்களை நானே அழகாக எழுதி ஒட்டியிருந்தேன், மூடிகளில். அன்று காலை மூடிகளைக் கழுவி மாற்றிப் போட்டவளும் நானே. தாளுக்குள் போனது சீனிப்பாணி. நல்ல வேளை, இனிப்பு இன்னும் காய்ச்சவில்லை.

திரும்பி வந்து உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு ஒருக்கா வாறன்," என்றார் மனேஜர். "நாளைக்கும் இனிச்சா பொலித்தீன்தான்."

புதன் காலை ஏழு மணிக்கு ஊற்றினோம். மூன்று மணிக்கு மனேஜர் தானே தட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். தாள் சர்ரென்று முழுதாக வந்தது. சவர்க்காரத்தைச் சுற்றினார், குலுக்கினார், காதில் வைத்தும் பார்த்தார், ஏனென்று தெரியாது.

"மாசம் ஐந்நூறு தாள் தாங்கோ."

ராத்தா குரவையிட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, பக்கத்து வளவிலிருந்து யாருக்குக் கலியாணம் என்று கேட்டு ஆள் வந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: பெயரைக் கேனின் வயிற்றில் எழுதுங்கள். மூடிக்குக் கால் உண்டு.