எட்டுத் தடவை எண்ணிய நினைவகம்

தொண்ணூறுகளின் கடைசியில் கல்முனைப் பிரதான வீதியில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடந்த கம்பியூட்டர் வகுப்பில் வேலை பார்த்தேன். அங்கே இருந்தது ஒரேயொரு யுனிக்ஸ் சேர்வர். அதிலிருந்து வயர் இழுத்து எட்டு டெர்மினல்கள் வைத்திருந்தோம். டெர்மினல் என்றால் வெறும் திரையும் கீபோர்டும்தான். எட்டுப் பேரின் வேலையையும் செய்வது அந்த ஒரு மெசின். கடற்காற்றில் உப்புப் படியும் என்று ஜன்னல்களைத் திறக்க முதலாளி விடமாட்டார். அவரை எல்லோரும் ஹாஜியார் என்போம்.

காலையில் ஆண்பிள்ளைகளுக்கு டைப்பிங். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பெண்பிள்ளைகள் எட்டுப் பேருக்குத் தரவுத்தளப் பாடம். மருதமுனையிலிருந்து ஐந்து பேர், பாண்டிருப்பிலிருந்து மூன்று பேர். அவர்களுக்குப் படிப்பித்தவர் பாண்டிருப்பு டீச்சர். என் வயதுதான் அவருக்கும். மெசினைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வகுப்பு நடக்கும்போது மூடிய அறையில் ஃபேன் சத்தமும் அந்தப் பிள்ளைகளின் தாழ்ந்த குரல் கதையும் கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்த நேரம் அந்த நாளில் வேறு இருக்கவில்லை.

ஒரு மாதம் மெசின் அசையவே மறுத்தது. ஒரு பெயரைத் தேடச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். அதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் தரவுத்தளம் முழுதாக உறைந்துபோய், இரண்டு தடவையும் நானே அதை வலுக்கட்டாயமாக நிறுத்தித் திரும்பத் தொடங்கியிருந்தேன். என்ன கோளாறு என்று ஹாஜியார் கேட்டார். ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தேன். ஒவ்வொரு பிள்ளையின் வேலைக்கும் நேரே பத்து மெகாபைட் என்று இருந்தது. எட்டுப் பேருக்கு எண்பது. மெசினில் இருந்த நினைவகம் முப்பத்திரண்டு. மூன்று பேருக்கு மேல் தாங்காது என்று எழுதி, கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். என் முதல் தொழில்நுட்ப அறிக்கை அது. பெருமையாகத்தான் இருந்தது.

கொழும்பிலிருந்து மேலதிக மெமரி எப்போது வந்துசேரும் என்று யாருக்கும் தெரியாத காலம். ஹாஜியார் பெண்பிள்ளைகளின் வகுப்பை நிறுத்திவிட்டார். எட்டுப் பேரும் கொப்பிகளை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் டீச்சர் தன் புத்தகங்களை எடுக்க வந்தார். மேசையில் கிடந்த என் அறிக்கையை நின்றபடியே வாசித்தார்.

"சேர், முப்பத்திரண்டுதானே இருக்கு. டிஸ்கில மெமரிக்கெண்டு ஒதுக்கினதையும் சேர்த்தா அறுபத்தி நாலு. எண்பது எங்க இருந்தது?"

எனக்குச் சுருக்கென்றது. எண்பது அந்த மெசினுக்குள் அடங்கவே முடியாது; ஆனாலும் எட்டுப் பேரும் வேலை செய்திருக்கிறார்கள்.

ஃபோட்டோகொப்பி எடுத்து வைத்திருந்த தரவுத்தளக் கைநூலை இருவரும் புரட்டினோம். தரவுத்தளம் எட்டு மெகாபைட்டை ஒரே இடமாக எடுத்துக்கொண்டு, வருகிற எல்லோருக்கும் அதையே பொதுவாகக் கொடுக்கிறது என்று ஒரு பக்கத்தில் இருந்தது. என் பட்டியலோ அந்தப் பொது இடத்தை ஒவ்வொருவர் பெயரிலும் முழுதாகப் போட்டிருந்தது. ஒரே எட்டை நான் எட்டுத் தடவை கூட்டியிருந்தேன்.

சரிபார்க்க ஆட்கள் இல்லை. அதனால் நாங்களே ஒவ்வொரு கதிரையாக மாறி உட்கார்ந்து எட்டு டெர்மினல்களிலும் தரவுத்தளத்தைத் திறந்தோம். ஒவ்வொன்றைத் திறந்ததும் மிச்சமாயிருந்த இடம் எவ்வளவு குறைகிறது என்று டீச்சர் கொப்பியில் எழுதினார். ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட இரண்டுதான். அப்படியென்றால் பொது இடம் எட்டு, தனித்தனியாகப் பதினாறு, மொத்தம் இருபத்திநாலு. முப்பத்திரண்டில் தாராளமாகக் காணும்.

"அப்ப மெசின் ஏன் சேர் நிண்டு நிண்டு ஓடினது?" என்றார்.

பொது இடங்களை மட்டும் காட்டும் கட்டளை ஒன்று அதே பக்கத்தில் இருந்தது. அடித்தேன். ஒரு வரி வரும் என்று பார்த்தால் மூன்று வரிகள் வந்தன. மூன்றும் எட்டு மெகாபைட். முதல் வரியில், அதைப் பிடித்திருப்போர் எட்டுப் பேர் என்று இருந்தது. மற்ற இரண்டிலும் பூச்சியம். யாருமே பிடிக்காத பதினாறு மெகாபைட், வேறொன்றுக்கும் விட்டுக்கொடுக்காமல் பூட்டியபடி கிடந்தது. யார் பெயரிலும் இல்லாததால் என் முதல் பட்டியலில் அது வரவேயில்லை.

இரண்டு தடவை நான் வலுக்கட்டாயமாக நிறுத்தியபோது தரவுத்தளத்துக்குத் தன் இடத்தைத் திருப்பிக் கொடுக்க அவகாசம் கிடைக்கவில்லை. மெசினை மூச்சுத்திணற வைத்தது நான்தான். இரண்டையும் அழித்தேன். டீச்சர் ஒரு பெயரைத் தேடினார், உடனே வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குச் செய்த உபகாரம்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கீழே கடைக்குப் போய் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மடித்துக்கொண்டிருந்த புடவையை முழுதாக மடித்து முடித்தார்.

"தம்பி, மெசின் காணாதெண்டு அந்தப் புள்ளைகள்ற வாப்பாமாருக்கிட்ட நான் சொல்லிப்போட்டன். இனி பிழை எங்கட பக்கமெண்டு நீங்களே போய்ச் சொல்லுங்க."

சைக்கிளில் இரண்டு நாள் அலைந்தேன். பாண்டிருப்பு வீடுகளுக்கு டீச்சரும் கூட வந்தார். எட்டு வாசல்களிலும் ஒரே விஷயத்தைச் சொன்னேன்: மெசின் நல்லது, கணக்குப் பார்த்தவன் நான், பிழை என்னுடையது. சிலர் சிரித்தார்கள். ஒரு பிள்ளையின் உம்மா தேத்தண்ணி தந்தார். ஏழு பேர் திரும்பி வந்தார்கள்.

எட்டாமவள்தான் அந்த வகுப்பிலேயே வேகமாக டைப் செய்பவள். நான் மருதமுனையில் அவள் வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள், வகுப்பு நின்றுவிட்டதே என்று அவளை மாமா கண்டிப் பக்கம் தன் வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார். அவள் வாப்பா என்னைக் கோபிக்கவில்லை. ஒரு நாள் முந்தி வந்திருக்கலாமே தம்பி என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லோடு சைக்கிளை மிதித்துத் திரும்பினேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த ஒரு பகலில் அவள் தங்கச்சியோடு படியேறி வந்தாள். பெருநாள் உடுப்பு. மாமா வீட்டுப் பக்கம் கம்பியூட்டர் இல்லையாம். கொஞ்ச நேரம் இருக்கலாமா என்று டீச்சரிடம் கேட்டாள். ஒரு மணித்தியாலம் டைப் செய்தாள். விரல்கள் முன்போலவே ஓடின. எழும்பும்போது நான் கிட்டப் போய், என்னால்தான் உங்கட படிப்புக் கெட்டது என்று சொன்னேன்.

"தெரியும் சேர். நீங்க வீட்ட வந்து சொன்னதை வாப்பா சொன்னவர்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "நாங்களும் மெசின் பழசெண்டுதான் நினைச்சம்" என்றாள்.

அவர்கள் இறங்கிப்போகும்போது டீச்சர் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அதை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.