ஞாயிறு சந்தை ஏழுமலை அண்ணா

ஏழுமலை அண்ணா இறந்துவிட்டார்.

நேற்று காலை பால் கறந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது...

இன்று ஞாயிறு. காலை ஏழு மணிக்கு மும்தாஜ் அக்கா போன் செய்து சொன்னார். சந்தையில் அண்ணாவின் பக்கத்து டேபிளில் தேன் விற்பவர்.

அடையாறில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு ஸ்கூல் கிரவுண்டில் ஞாயிறுதோறும் நடக்கும் சந்தை அது. கைத்தறிப் பை, டெரகோட்டா தோடு, சிறுதானியம் என்று எல்லாம் இருக்கும். அண்ணா மதுராந்தகம் பக்கத்திலிருந்து மினி வேனில் கீரையும் காயும் கொண்டுவருவார்.

அம்மாவைப் பற்றி இங்கே என் பதிவுகளைப் படிக்கும் நிறையப் பேருக்குத் தெரியும். ரிட்டயர்டு கணக்கு டீச்சர். ஐந்து வருடமாக மறதி நோய். நான் ஒரே பெண், கல்யாணம் ஆகவில்லை, வேலையும் வீட்டிலிருந்தேதான்.

ஞாயிறு காலை மட்டும் கீழ்வீட்டு ஆன்ட்டி ஒன்றரை மணி நேரம் வந்து அம்மாவோடு உட்காருவார். அப்போதுதான் நான் சந்தைக்குப் போவேன். வாரத்தில் நான் செருப்பு போடும் ஒரே நேரம்.

முதல் நாள் அண்ணாவிடம் எரிந்துதான் விழுந்தேன். கீரைக்கட்டை மெதுவாக உதறி உதறிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் சீக்கிரம் போடுங்களேன்!”

“வீட்ல யார்மா காத்துகினு கீறாங்க?”

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அடுத்த வாரம் போனால் என் பை தயாராகக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. “போய் மத்த கடைங்கள சுத்திப் பாத்துட்டு வாம்மா. பை எங்கியும் போவாது.”

அன்று ஒரு ஜோடி தோடு வாங்கினேன். எங்கே போட்டுக்கொண்டு போவது என்று தெரியாமலே...

போன வருடம் கீழ்வீட்டு ஆன்ட்டி மகளோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார். இரண்டு ஞாயிறு நான் வெளியே போகவில்லை.

மூன்றாவது ஞாயிறு, அம்மா தூங்கும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆமாம், பூட்டினேன். எழுதவே கை கூசுகிறது.

சந்தையில் கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்ன வாங்க வந்தேன் என்றே தெரியவில்லை. அண்ணா என் முகத்தைப் பார்த்து, “அம்மாகூட யாரு கீறாங்க?” என்று கேட்டார்.

“பூட்டிட்டு வந்துட்டேன்ணா.”

டேபிளை மும்தாஜ் அக்காவிடம் விட்டுவிட்டு, என்னோடு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

கதவைத் திறந்தால் அம்மா உள்பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. அண்ணா என்னைத் திட்டவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கி அம்மாவுக்குக் குடிக்கக் கொடுத்தார்.

“இனிமே நீ வர வேணாம்மா. நானே கொண்டாந்து குட்த்துட்டுப் போறேன்.”

சொன்னபடியே செய்தார். ஒவ்வொரு ஞாயிறும் காலிங் பெல் அடிக்கும், வாசலில் பையோடு நிற்பார். எவ்வளவு நல்ல மனசு! எனக்கு மட்டும் அந்த பெல் சத்தம் கேட்டாலே கதவைத் திறக்கப் பிடிக்காது. சந்தைக்குப் போக இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது.

நான்கு மாதம் பொறுத்தேன். ஒரு ஞாயிறு வெடித்துவிட்டது. “இனிமே கொண்டு வராதீங்கண்ணா!”

அவர் முகம் வாடிவிட்டது. “காய் நல்லா இல்லியாம்மா?”

“காய் வேணாம்ணா... எனக்கு வெளில வரணும்.” வாசலிலேயே அழுதுவிட்டேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். அப்புறம் செருப்பைக் கழற்றினார்.

“எட்டு மணிக்கு மேல கூட்டம் இருக்காது. நான் அம்மாகூட குந்திகினு இருக்கேன். நீ போய் என் கடைய பாத்துக்க.”

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நான் கீரை விற்றேன். சிறுகீரைக்கும் அரைக்கீரைக்கும் வித்தியாசம் தெரியாமல் மும்தாஜ் அக்காவிடம் கேட்டுக் கேட்டு விற்றேன். “ஏழுமலை எங்க?” என்று யாராவது கேட்டால், அக்கா, “ட்யூஷன் போயிருக்காரு” என்பார்.

பொய் இல்லை. அம்மா அவரைத் தன் ஸ்டூடண்ட் என்றே முடிவு செய்திருந்தாள். எதிரில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லுவாள். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

ஒரு நாள் நான் திரும்பி வந்தபோது தலையைத் தடவிக்கொண்டிருந்தார். “ஏழாம் வாய்ப்பாட்ல தப்பு வுட்டேன். குட்டிட்டாங்க.”

அம்மா சிரித்ததை நான் அவ்வளவு நாள் கழித்து அன்றுதான் பார்த்தேன்.

இன்று சாயங்காலம் அடக்கம். ஒன்பது மணிக்குச் சந்தைக்காரர்கள் ஒரு வேன் வைத்துக் கிளம்புவதாக ஏற்பாடு. “உனக்கு ஒரு சீட்டு வச்சிருக்கேன், வந்துடுறியா?” என்று மும்தாஜ் அக்கா கேட்டார்.

தெரிந்த மூன்று பேருக்கு போன் செய்தேன். ஒருவர் ஊரில் இல்லை, ஒருவர் எடுக்கவில்லை, ஒருவருக்கு வீட்டில் விருந்தாளிகள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு வந்து உட்காருவதற்கு எனக்கு இருந்தது அண்ணா ஒருத்தர்தான்.

வர முடியாது என்று சொன்னதும், அக்கா வேனை எங்கள் தெரு வழியாக விடச் சொன்னார். கேட் ஓரமாக ஒரு நிமிஷம் நின்றது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே அம்மா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

கேட் வரைக்கும்தான் வர முடிந்தது, ஏழுமலை அண்ணா.

போய் வாங்க...