அடுப்படியில் சொன்ன திருத்தம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'நிறுத்து டீச்சர்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பத்தாம் வகுப்புக்குத் தனிநடிப்புப் பாடம் எடுக்க வந்தாள் என்றால், எந்தப் பிள்ளையும் இரண்டு வரி சேர்ந்தாற்போல் பேசிவிட முடியாது. "நிறுத்து! இப்ப யார்கிட்ட பேசுற? அவங்ககிட்ட உனக்கு என்ன வேணும்?" என்று பாய்ந்துவிடுவாள்.

வசனத் தாளில் மூச்சு விடும் இடத்துக்கு ஒரு கோடு, பேச்சு அடைக்கும் இடத்துக்கு இரண்டு கோடு போட வேண்டும். பாத்திரம் சொல்ல வந்து விழுங்கிவிடுகிற வார்த்தையைப் பென்சிலால் ஓரத்தில் எழுத வேண்டும். அழுதுகொண்டே பேசினால் மதிப்பெண் போய்விடும். "நீயே அழுதுட்டா பாக்கிறவங்களுக்கு என்ன வேலை?" என்பாள். மற்ற ஆசிரியர்கள் கிறுக்கு என்றார்கள். ஆனாலும் வருஷா வருஷம் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் இருந்து கோப்பை வந்துகொண்டுதான் இருந்தது.

போட்டிக்கு ஒரு பள்ளிக்கு ஒருவர்தான். அவளுடைய மகளும் அதே வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தாள். போன வருஷம் ஒன்பதாவது படிக்கும்போதே தன்னை அனுப்பச் சொல்லிக் கேட்டாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று பதில். அடுத்த வருஷமும் வந்தது. ஆள் தேர்வுக்கு எல்லோரும் பேசி முடித்தபோது, மகள்தான் முதல் என்பது வகுப்பறைச் சுவருக்குக்கூடத் தெரியும். டீச்சர் மருந்துக்கடைக்காரர் பெண்ணைத் தேர்ந்தெடுத்தாள். சொந்த மகளுக்குக் கொடுத்தால் ஊர் வாயை யார் மூடுவது? அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டாள். பயந்தாங்கொள்ளித்தனத்துக்கு இப்படி எத்தனையோ நல்ல பெயர்கள் இருக்கின்றன.

அன்று சாயங்காலம் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் தோளில் இருந்து பையைக்கூட இறக்காமல் வாசற்படியில் வந்து நின்றாள்.

"நான் நல்லா பண்ணேனா இல்லையாம்மா?"

"பண்ண. ஆனா..."

"ஆனா நான் உங்க பொண்ணு. மத்தவங்களுக்கு ஸ்கூல்ல டீச்சர், வீட்டுல அம்மா. எனக்கு ரெண்டு இடத்துலயும் டீச்சர்தான். அப்பா செத்தன்னிக்கு நான் அழுதப்பகூட 'மூச்ச இழுத்து விடு'ன்னுதான் சொன்னீங்க. சித்தி அவங்க வீட்டுல வந்து படின்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நான் போகட்டுமா? நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா போகமாட்டேன்."

கத்தி நின்றது. 'போகாதே' என்று சொல்லத்தான் டீச்சர் வாயெடுத்தாள், அதில் பொய்யில்லை. ஆனால் இருபது வருஷப் பழக்கம் மனசை முந்திக்கொண்டது. மகளின் குரல் உடையவில்லை. கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசி வரியில் தானாகவே தணிந்திருந்தது. எந்தப் பிள்ளையிடமும் அவளால் வரவழைக்க முடியாத பேச்சு அது.

"சித்தி கூப்பிடறாங்கன்னு சொன்னதும் கொஞ்சம் நிறுத்தியிருக்கணும்," என்றாள். "உடனே 'போகட்டுமா'ன்னு வந்துட்டா கேக்கிறவங்களுக்கு உறைக்காது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மகள் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். டீச்சர் பின்னாலேயே ஓடிக் கதவைத் தட்டினாள்.

"போகாதடி! போகாதடி கண்ணு, அம்மா சொல்றேன்ல!"

உள்ளே இருந்து பதில் வந்தது. "இது நல்லா வந்துச்சும்மா. முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்."

மருந்துக்கடைக்காரர் பெண் மூன்றாம் பரிசோடு திரும்பினாள். பரீட்சை முடிந்ததும் மகள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் என்ற இடத்தில் 'மேற்படிப்பு' என்று டீச்சரே தன் கையால் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் மகளுக்குப் போன் செய்வாள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"புது ஸ்கூல் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"ஏதாவது பேசேன்டி."

"என்ன பேசணும்னு சொல்லுங்க," என்றாள் மகள். "பேசறேன்."