சொர்ணம் அக்கா நம்பரிலிருந்து வந்த போன்

சொர்ணம் அக்கா இறந்துவிட்டார்.

காலையில் அவர் நம்பரிலிருந்தே போன். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்ததும் ‘அப்பாவுக்கு என்ன?’ என்றுதான் மனசு பதறியது.

பேசியது அக்காவின் மகள். “அம்மா தவறிட்டாவ. நெஞ்சு வலின்னு உக்காந்தாவ, அவ்வளவுதான்... போன்ல நம்பர் இருக்க எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

தெரியாதவர்களுக்கு... குற்றாலத்தில் ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு முதியோர் இல்லம். அக்கா அங்கே நர்ஸ். என் அப்பா கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தார். நான் வேலை பார்ப்பது தூத்துக்குடியில்.

அங்கே யாருக்கு உடம்பில் என்ன மாறினாலும் வீட்டுக்கு போன் செய்வது அக்காதான். பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும், “சீரியஸா? இல்லன்னா அப்புறம் பேசுறேன்.” அக்கா சாயங்காலம் மறுபடி கூப்பிடுவார்.

அப்பா போலீஸில் ஏட்டாக இருந்தவர். எதையும் வெளியே சொல்ல மாட்டார். ஒரு நாள் அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏட்டையா, நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?”

“ஒண்ணுமில்லன்னு சொல்லிரு தாயி. பிள்ள லீவு போட்டு ஓடி வரும்.”

“வரட்டும். அவங்க அப்பாவப் பாக்கத்தான வருதாவ.” பிறகு என்னிடம், “எம்மா, கால் ரெண்டும் வீங்கிருக்கு. செருப்பு நுழைய மாட்டுக்கு. படுத்தா மூச்சு வாங்குது. நேத்து இப்படி இல்ல.”

ஓடினேன். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். இதயத்தில் கோளாறு...

அந்த ஒரு போனால் எனக்கு இன்னொரு குற்றால சீசன் அப்பாவோடு கிடைத்தது. சாரலில் காருக்குள் உட்கார்ந்து இரண்டு பேரும் மங்குஸ்தான் உரித்துத் தின்றோம். அக்காவுக்கும் ஒரு பை.

அதற்கடுத்த வருடம் வந்த போன் வேறு மாதிரி. “ஏட்டையாவுக்கு முடியல. இனி ஆஸ்பத்திரி வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. பொறப்பட்டு வாங்கம்மா.”

பஸ் ஆலங்குளம் தாண்டும்போது மறுபடி கூப்பிட்டார். “நீங்க வார வரைக்கும் தாங்காது போலம்மா. போன அவங்க காதுல வைக்கேன். பேசுங்க.”

என்ன பேச... “அப்பா, பக்கத்துல வந்துட்டேன்ப்பா” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை.

“நான் பேசினது கேட்டுச்சாக்கா?”

வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்கள்.

“தெரியலம்மா. கண்ணு தொறக்கல. போன வச்சிருந்த என் கையப் பிடிச்சிருந்தாவ. கடைசி வரைக்கும் விடல.”

சாயங்காலம் அக்காவின் ஊரான பண்பொழியில் எடுக்கிறார்கள். அங்கே காலையிலிருந்து மழையாம். கிளம்பிவிட்டேன்.

நல்லபடியா போங்க சொர்ணம் அக்கா...