வேலை இல்லாதவன் என்று ஒரு பதிவு

ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்க ஆள் தேவை என்ற தாளை மாதா கோயில் மதிலில் கண்டேன். அப்போது நான் வெளிநாட்டில் இருந்து ஊருக்குத் திரும்பி ஏழு மாதம். தீவில், ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில், தங்கச்சி வீட்டின் பின்னறையில் இருந்தேன். வயது ஐம்பத்திரண்டு. வலது தோள்மூட்டு இறங்கிவிட்டிருந்தது, கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. கரையில் நின்று இழுக்கும் கரைவலைக் கயிற்றை இன்னும் எத்தனை நாள் இழுக்க முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தீவில் நான் செய்யக்கூடிய வேறு வேலை இது ஒன்றுதான். இது கிடைக்காவிட்டால் மறுபடியும் எங்காவது புறப்பட வேண்டும். புறப்படுவதில் எனக்குப் பயமில்லை. ஆனால் இந்த வயதில் யார் விசா தரப்போகிறார்கள்?

குளிர் இயந்திரம் எனக்குத் தெரியும். வளைகுடாவில் ஒரு மீன் சந்தையின் குளிர்களஞ்சியத்தில் ஆறு வருடம் இருந்தேன். அதற்கு என்னிடம் ஒரு துண்டு கடதாசி கூட இல்லை. அங்கே என் கடவுச்சீட்டு முதலாளியின் அலுமாரியில் இருந்தது. வேலை முடிந்த அன்று அதை நேரே விமான நிலையத்தில்தான் கையில் தந்தார்கள்.

தாளின் அடியில் ஒரு வரி இருந்தது. பிரதேச செயலகத்தின் வேலைவாய்ப்புப் பகுதியில் வேலை தேடுபவராகப் பதிந்த துண்டுடன், வரும் வெள்ளிக்கிழமை வரவேண்டும். அப்படிப் பதிந்தவர்களை எடுத்தால் முதலாளிக்கு அரசாங்கம் ஏதோ உதவி செய்கிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

திங்கட்கிழமை சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு செயலகத்துக்குப் போனேன். அந்தப் பகுதிக்கு ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு கணினி. பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பெயர், முகவரி, படிப்பு எல்லாம் கேட்டாள். எட்டாம் வகுப்பு என்றேன். முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"அண்ணை, போன கிழமை ஏதும் வேலை செய்தனீங்களோ?"

இந்த இடத்தில்தான் நான் பிழைவிட்டேன். எங்கள் கரையில் ஒரு ஆம்பிளை தனக்கு வேலை இல்லை என்று வாயால் சொல்லமாட்டான். படகு உடைந்து கிடந்தாலும், வலை கிழிந்து கிடந்தாலும், காலில் கட்டுப் போட்டு ஆறு மாதம் படுத்திருந்தாலும், கேட்டால் கடலுக்குப் போகிறேன் என்பான். அதுவும் ஒரு பெண்பிள்ளை கேட்கும்போது எப்படிச் சொல்வது? நானும் நிமிர்ந்து இருந்து, ஓம், இரண்டு நாள் கரைவலை இழுத்தனான், இந்தப் பருவத்துக்கு வலை வைத்திருக்கும் சம்மாட்டியிடம் பங்கும் இருக்கு என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப உங்களை வேலை இல்லாத ஆள் எண்டு பதிய ஏலாது. நீங்கள் கடற்றொழிலாளி."

பங்கு என்றால் சில நாள் நாலு மீன், சில நாள் வெறுங்கை என்று விளக்கினேன். மீன் கிடைக்காவிட்டாலும் பங்கு பங்குதான் என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. கடற்றொழிலாளர் சங்கத் தலைவரிடமிருந்து எனக்குப் பங்கு இல்லை என்று ஒரு கடிதம் கொண்டுவந்தால் பதிவை மாற்றித் தருவதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்கு முதல் வாங்கோ என்றும் சொன்னாள்.

பஸ்ஸில் திரும்பும்போது பிரான்சில் என்னோடு ஒரே அறையில் இருந்தவனை நினைத்தேன். அவனுக்கு அந்த நாட்டுப் பத்திரங்கள் இருந்தன. உணவகம் மூடியதால் வேலை போனதும் அங்கே வேலையற்றோர் அலுவலகத்தில் பதிந்திருந்தான். ஒருமுறை துணைக்கு நானும் போனேன். இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். கோட்டுப் போட்டவர்கள், குழந்தை வைத்திருந்த பெண்கள் எல்லோரும் சத்தமாக, எனக்கு வேலை இல்லை என்று சொன்னார்கள். தடிமன் பிடித்திருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் இருந்தது. அவன் அந்த மாதம் எந்தெந்தக் கடைகளில் வேலை கேட்டான் என்று காட்ட ஒரு பட்டியல் கொண்டுபோயிருந்தான். வேலை தேடுவதே அங்கே ஒரு வேலை. கையெழுத்துக்குப் பிந்தினால் அரசாங்கம் தரும் உதவியை வெட்டிவிடுவார்கள். எனக்கோ பத்திரம் இல்லை. பத்து வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன், எட்டு மாதம் சும்மா இருந்தேன். சட்டத்தின் கண்ணில் இரண்டும் நடக்கவில்லை. வேலை செய்ய உரிமை இல்லாதவனுக்கு வேலை இல்லாமல் இருக்கவும் உரிமை இல்லை.

வளைகுடாவில் கதை இன்னும் சுருக்கம். வேலை போனால் விசா போகும், விசா போனால் விமானம் ஏற வேண்டியதுதான். ஆகவே அங்கே வேலை இல்லாதவன் என்று ஒருவனும் கிடையாது.

இவை எல்லாவற்றுக்கும் முதல், பதினைந்து வயதில், தெற்கே ஒரு பட்டினத்தில் எங்கள் தீவார் ஒருவரின் பலசரக்குக் கடையில் நின்றேன். கடைகளுக்கான சட்டத்தில் வேலை நேரம், விடுமுறை, வயது எல்லாம் எழுதியிருந்தது. தொழில் அதிகாரி வரும் நாளில் நாங்கள் ஆறு பேரும் முதலாளியின் தங்கச்சி பிள்ளைகள், மருமக்கள் ஆகிவிடுவோம். விருந்துக்கு வந்த மாதிரி உள்ளே இருந்து தேத்தண்ணி குடிப்போம். ஒருமுறை அந்த அதிகாரி எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு எத்தனை தங்கச்சிமார் முதலாளி என்று கேட்டார். முதலாளி கைவிரல்களை மடக்கத் தொடங்கினார்.

சம்மாட்டிதான் எங்கள் சங்கத்துக்கும் தலைவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்று பின்னேரம் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்கட கயித்தில ரெண்டு நாள் தொங்கினதுக்கு உன்னைக் கடற்றொழிலாளி எண்டு அரசாங்கம் எழுதிப்போட்டுதோ? நாப்பது வருசம் தொழில் செய்த எனக்கு வலை வைக்க வாடி போட ஒரு துண்டுக் காணி தரேல்ல."

கடிதம் தருவீங்களோ அண்ணை என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. பருவத் தொடக்கத்தில் பங்கு எழுதுவது எல்லோருக்கும் முன்னால்தான். பங்கை விடுவதும் அப்படித்தான். எவனாவது நடுவில் போனால் மற்றவர்கள் அவன் பாரத்தையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதனால் விடுகிறவன் கரையில் நின்று, எல்லோரும் கேட்கச் சொல்லவேண்டும். அதன்பிறகு அந்தப் பருவம் முழுக்க அவனுக்கு இடமில்லை. ஐஸ்காரன் உன்னை எடுக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். தெரியாது என்றேன். நாளைக்கு விடிய வா, சொல்லு, பிறகு எழுதித் தாறன் என்றார்.

அன்று இரவு தங்கச்சியிடம் சொன்னேன். அவள் மீன் அரிந்துகொண்டே, இருக்கிற கயிற்றையும் விட்டிட்டு இல்லாத வேலைக்குப் போறீரோ என்று மட்டும் கேட்டாள். அவளுடைய மூன்று பிள்ளைகளோடு நானும் அந்தச் சட்டியில்தான் சாப்பிடுகிறேன்.

விடிய இருபது பேர் கரையில் நின்றார்கள். நான் முன்னால் போய், என் பங்கை விடுகிறேன் என்று சொன்னேன். அது சுலபமாக வந்தது. ஏன் என்று ஒருவன் கேட்டான். வேலை இல்லாதவன் என்று பதியப்போகிறேன் என்று சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். மற்றக் கயிற்றுப் பக்கத்தில் இருந்து ஒருவன், "இனி அண்ணைக்கு அரசாங்க உத்தியோகம் சும்மா இருக்கிறதுதான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர்கள் வலையை வளைக்கப் போய்விட்டார்கள். கயிறு கரைக்கு வந்தபோது என் இடத்தில் மடத்துவெளியில் இருந்து வந்த ஒருவன் நின்றான். கை என்னையறியாமல் கயிற்றுக்குப் போனது. சம்மாட்டி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் மணலில் இருந்து, அவர் வலை ஏற்றி முடிக்கும்வரை கடிதத்துக்காகக் காத்திருந்தேன்.

புதன்கிழமை துண்டு கிடைத்தது. அந்தப் பெண் அதில் முத்திரை குத்தும்போது, வேலை கிடைத்தால் நியமனக் கடிதத்தின் பிரதி ஒன்றை இங்கே தரவேண்டும், மறக்கவேண்டாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்திருந்தோம். மற்ற இரண்டு பேரிடமும் சான்றிதழ் இருந்தது. தொழிற்சாலைக்காரர் எங்களை ஒவ்வொருவராக இயந்திர அறைக்குக் கூட்டிப்போனார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைக் காட்டிவிட்டு நின்றார். குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். திரும்பி வரும் குழாயில் வெண்பனி அளவுக்கு மிஞ்சிப் படிந்திருந்தது. இப்படியே விட்டால் இயந்திரம் ஒரு மாதத்தில் நின்றுவிடும் என்றேன். எங்கே படித்தனீர் என்று கேட்டார். படிக்கேல்ல, செய்தனான் என்றேன். வெளியே போய்க் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வந்து, திங்கள் வாரும் என்றார்.

நியமனக் கடிதம் வேண்டும் என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது.

"நாங்கள் ஒரே தீவாக்கள். எங்களுக்குள்ள கடிதம் எதுக்கு?"

நான் மறுபடியும் ஒரு முதலாளிக்கு மருமகனாக இருக்க விரும்பவில்லை. அதைச் சொல்லாமல், செயலகத்தில் பிரதி கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். அவருக்கும் அந்த அலுவலகத்தின் உதவி தேவையாக இருந்தது. ஓய்வுகாலத்துக்குச் சேரும் சேமலாப நிதி இலக்கத்தையும் அதில் போடச் சொன்னேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது கடிதம் மேசையில் இருந்தது.

முப்பத்தேழு வருடம் வேலை செய்தபின் எனக்குக் கிடைத்த முதல் நியமனக் கடிதம். ஆறு மாதம் தகுதிகாண் காலம். வேலையை விட்டு நிறுத்துவதானால் அவர் ஒரு மாதம் முன்னே அறிவிக்கவேண்டும். அதை வாசிக்கச் சந்தோசமாக இருந்தது. அடுத்த வரியில், விலகுவதானால் நானும் ஒரு மாதம் முன்னே அறிவிக்கவேண்டும் என்றிருந்தது. நான் விட்டுப் போன ஒரு இடத்திலும் ஒரு நாள் முன்னே கூடச் சொன்னதில்லை. அநேகமாக விடிந்து பார்த்தால் என் பாய் மட்டும் கிடக்கும். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தேன். தொழிற்சாலைக்காரர், ஏதும் பிழையோ என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.