கோச் சொன்னதில் நான் விழுங்கிய பாதி

பங்குக் கோவில் குடும்பத்தாரே, முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதர் பிரெஞ்சில் சொன்னதை என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். பாதியைச் சொன்னேன். மீதியை விழுங்கிவிட்டேன். மொழி தெரியாமல் அல்ல. என் வேலைக்காலம் முழுவதும் பிரெஞ்சு கற்பித்துத்தான் சம்பளம் வாங்கினேன். நான் விழுங்கிய அந்தப் பாதியால் ஒரு பெண்பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய பள்ளி கைவிட்டுப் போகப் பார்த்தது.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் எனக்கு எதிர்வீடு ஏழுமலையின் வீடு. அவர் எலக்ட்ரீஷியன். மனைவி கஸ்தூரி துணிக்கடையில் வேலை செய்கிறார். ஒரே மகள் நிவேதா, அப்போது எட்டாம் வகுப்பு. வாலிபால் ஆடுவாள். நல்ல உயரம். அவள் அடிக்கும் பந்து தரையில் விழும் சத்தம் மைதானத்துக்கு வெளியே டீக்கடை வரை கேட்கும். பிரெஞ்சு வாத்தியார் என்பதால் தெருவில் எல்லாரும் என்னை முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் மரியாதை பாதி, கேலி பாதி.

சென்ற ஆண்டு தவக்காலம் தொடங்கும் சமயம். முதலியார்பேட்டையில் பள்ளிகளுக்கு இடையே போட்டி நடந்தது. மலைமேல் உள்ள ஒரு போர்டிங் பள்ளியின் கோச், பிரெஞ்சுக்காரர், விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தவர், ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டம் முடிந்ததும் நிவேதாவின் பெற்றோரைக் கேட்டு வந்தார். அவருடைய ஆங்கிலம் தட்டுத் தடுமாறியது. ஏழுமலை என்னை முன்னால் தள்ளினார்.

"இன்னா முசே, இன்னா சொல்றாரு? சீக்கிரம் சொல்லுங்க."

கோச் சொன்னது இதுதான். இந்தப் பெண்ணின் ஆட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது, எங்கள் பள்ளிக்கு விண்ணப்பிக்கட்டும். ஆனால் நான் வாக்குக் கொடுக்கவில்லை. இடம் கொடுப்பது என் கையில் இல்லை. வேறு பள்ளிகளுக்கும் கட்டாயம் முயற்சி செய்யட்டும்.

நான் சொன்னது: "பொண்ணு பிடிச்சிருக்காம்ப்பா. அப்ளிகேஷன் போடச் சொல்றாரு."

நம் ஊரில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு நாள் குறிக்கவேண்டியதுதான். கஸ்தூரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஏழுமலை தன் கூட்டாளிகளைப் பார்த்து, "டேய், மாப்ள வீட்ல ஓகே சொல்லிட்டாங்கடா!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். தான் சொன்னது முழுதும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து கோச்சும் சிரித்தார். என் மெயில் முகவரியை வாங்கிக்கொண்டு, கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அங்கேயே திருத்தியிருக்கலாம். அவர்கள் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஓய்வு பெற்ற பிறகு என் பிரெஞ்சை யாரும் கேட்டதில்லை. அன்று ஒரு கூட்டமே என் வாயைப் பார்த்து நின்றது. நல்ல செய்தி சொல்கிறவனாக இருக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

விண்ணப்பம் போட்ட அன்று கஸ்தூரி தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார்.

சில வாரங்களில் வெளியூரில் விடுதியோடு உள்ள ஒரு விளையாட்டுப் பள்ளியில் தேர்வு நடந்தது. நிவேதாவின் பி.டி. டீச்சர் அவள் பெயரை முன்பே கொடுத்திருந்தார். "அதுக்கும் போய்ட்டு வரணுமா முசே? எனக்கு வேல கெடும்," என்று ஏழுமலை கேட்டார். "எதுக்குப்பா? அதான் இங்க முடிஞ்சுபோச்சே," என்றேன். அவள் போகவில்லை.

கோச் இடையிடையே எனக்கு மெயில் அனுப்புவார். தினமும் பயிற்சி செய்கிறாளா? ஆட்டத்தை வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? உயரம் எவ்வளவு? எந்தக் கோச்சும் பத்துப் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்விகள். நான் ஒவ்வொன்றையும் நிச்சயமாக்கிச் சொன்னேன். "உயரம் கேக்கறாரு. யூனிஃபார்ம் தைக்கத்தான்."

குருத்து ஞாயிறு முடிந்து கோச்சின் மெயில் வந்தது. இடங்கள் நிரம்பிவிட்டன. நிவேதாவுக்கு இல்லை. நான் அன்று சொன்னபடி வேறு இடமும் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், என்று எழுதியிருந்தார்.

எதிர்வீட்டு வாசலைப் பார்க்கவே பயமாக இருந்தது. கஸ்தூரி, "எதனா தகவல் வந்துச்சா முசே?" என்று கேட்டார். "இன்னும் இல்லம்மா," என்றேன். கோவிலுக்குப் போய் முழங்காலில் இருந்தேன். ஆண்டவரே, அந்தக் கோச்சின் மனதை மாற்றும். யாராவது ஒரு பிள்ளை வராமல் போகட்டும். இந்தக் குழந்தைக்காகக் கேட்கிறேன். நாளுக்கு நாள் இதே ஜெபம். வானம் பூட்டிக் கிடந்தது.

பெரிய வெள்ளி. சிலுவையை முத்தமிட வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடவுளிடமும் நான் பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழந்தைக்காக என்கிறேன். என் பெயர் கெடக்கூடாது என்பதை விழுங்கிவிடுகிறேன். சிலுவை அருகே வந்தபோது என் ஜெபம் மாறியது. ஆண்டவரே, முழுசாகச் சொல்ல எனக்கு வாய் கொடும். வேறு எதுவும் கேட்கவில்லை. அழுதேன். பின்னால் நின்றவர் தோளைத் தொட்டு நகரச் சொன்னார்.

மறுநாள் காலை தெருவைக் கடந்தேன். என் ஜெபத்துக்குக் கிடைத்த முதல் பதில் அந்த நாலு அடிதான் என்று நம்புகிறேன். மூவரும் வீட்டில் இருந்தார்கள். கோச் அன்று சொன்னது, நான் விட்டது, ஏன் விட்டேன், இப்போது வந்த மெயில், எல்லாவற்றையும் சொன்னேன்.

கஸ்தூரி பேசினார். "படிச்சவரு நீங்க. உங்க வாய நம்பித்தான அந்தத் தேர்வுக்கு அனுப்பாம விட்டோம்? மாப்ள வீட்ல வேணாம்னு சொன்ன பொண்ணாட்டம் எம் பொண்ண தெருவே பாக்கப் போவுது சார்." அதுவரை முசே என்றவர் அன்று சார் என்றார்.

நிவேதா மட்டும் என்னை நேராகப் பார்த்து ஒன்று கேட்டாள். "ஆட்டம் புடிச்சிருக்குன்னு அவரு சொன்னது நெஜமா? இல்ல அதுவும் நீங்க சேத்ததா?"

"அது நிஜம்மா. சத்தியமா சொன்னார்."

"அப்ப சரி," என்றாள்.

பாஸ்காத் திருவிழா முடிந்து, கேசரி போன வீடுகளுக்கெல்லாம் நானும் போனேன். பிள்ளையை யாரும் ஒதுக்கவில்லை, வாக்கே கொடுக்காததை நான்தான் வாக்காக்கினேன் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். ஒருவர், "இன்னா முசே, கேசரிய திருப்பிக் கேக்க வந்தீங்களா?" என்று சிரித்தார். இன்னொருவர் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டும் எனக்கு வேண்டியதே.

பிறகு அந்த வெளியூர் விளையாட்டுப் பள்ளிக்கு ஏழுமலையும் நிவேதாவும் நானும் பஸ் ஏறினோம். கிளம்பும்போது கஸ்தூரி சொன்னார்: "நா வீராம்பட்டினத்து அம்மனுக்கு வேண்டியிருக்கேன். நீங்க உங்க சாமிகிட்ட கேளுங்க சார். இந்த வாட்டி ஒழுங்கா கேளுங்க."

அங்கே பயிற்சி கொடுக்கும் அம்மாள் எங்களைப் பார்த்ததும் கடிந்துகொண்டார். "செலக்‌ஷன் எப்பவோ முடிஞ்சுபோச்சு. அன்னைக்கு எங்க போனீங்க?"

"தப்பு என்னுது," என்று சொல்லத் தொடங்கி முழுதும் சொன்னேன்.

"நீங்க தாத்தாவா?"

"இல்லம்மா. எதிர்வீடு."

அவர் கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். தேர்வான பிள்ளைகளில் ஒருத்தி வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அன்று காலையில்தான் போன் செய்தாளாம். நான் சுயநலமாகக் கேட்டபோது கிடைக்காத காலி இடம், கேட்காத ஊரில் இருந்தது. "வந்தது வந்துட்டீங்க. ஷூ போடும்மா," என்றார்.

நிவேதா ஆடினாள். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் அந்த அம்மாள், "பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பஸ் நிலையத்தில் ஏழுமலை கேட்டார். "பார்க்கலாம்னா இன்னா முசே அர்த்தம்? கெடைச்ச மாதிரிதான?"

"பார்க்கலாம்னா பார்க்கலாம்னுதான்ப்பா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. வேற ரெண்டு எடத்துக்கும் போட்டு வைப்போம்."

ஏழுமலை பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தார்.

பத்துப் பதினைந்து நாளில் அழைப்பு வந்தது. பள்ளி திறந்ததும் நிவேதா அங்கே சேர்ந்தாள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் கொஞ்சம் தடுமாறுகிறாளாம், ஆட்டத்தில் இல்லை. விடுமுறைக்கு வந்தபோது விடுதிச் சாம்பாரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தாள். கஸ்தூரி இன்றும் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுகிறார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போன வாரம் பள்ளியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தபோது, அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வந்தார். எதிரே உட்கார்ந்து, "ஒண்ணு வுடாம படிங்க," என்றார். ஒன்று விடாமல் படித்தேன்.

நான் நிறைவோடு இருக்கிறேன். இந்த வயதில் எனக்கு இரங்கிய ஆண்டவருக்கு நன்றி. உங்களில் யாராவது ஒரு காரியத்துக்காக நெடுநாள் ஜெபித்தும் பதில் இல்லை என்று கலங்கினால், மனிதரிடம் சொல்லவேண்டியதில் எதையாவது விழுங்கி வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் எழுந்து போய் அந்த வாசலைத் தட்டுங்கள். தட்டுகிற கை நடுங்கும். நடுங்கட்டும். உங்களோடு அவரும் வருவார்.