நடுவில் விழுந்த பந்து

போன சனிக்கிழமை செம்மண்டலத்திலிருந்து பஸ் ஏறினேன். பஸ் என்று பெயர்தான்! யுத்தம் முடிந்த பிறகும் பெட்ரோல் கிடைக்காமல் கரியைத் தின்றுதான் ஓடுகிறது. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளித் தள்ளி, ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்தில் என் மச்சான் நடேசனின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். எதற்கு? ஒரு பூப்பந்து மேட்ச் பார்க்க!

சிரிக்காதீர்கள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், நடுவில் வலை, மஞ்சள் கம்பளிப் பந்து ஒன்று... அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அதற்காகக் கல்யாணத்தையே தள்ளி வைக்கிற ஊர்கள் நம் ஜில்லாவில் உண்டு.

போன வருஷம் சிதம்பரத்து டீம் வந்து நடேசன் டீமைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போயிற்று. போகிற போக்கில் அவர்களில் ஒருவன், "ஏர் புடிக்கிற கைக்கு மட்டை எதுக்கு?" என்று கேட்டும் விட்டான். அது சபாபதி மாமா காதில் விழுந்துவிட்டது. அவர் நடேசனின் தாய்மாமன், ஊர் நாட்டாண்மை. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை என்று கேள்வி.

நான் போன நேரம் ஏரிக்கரைத் திடலில் பிராக்டிஸ் நடக்கவில்லை — ஒப்பாரி நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் ஆடுகிறவனுக்குக் காலில் முள் ஏறிச் சீழ் பிடித்துவிட்டதாம். மறுநாள் மேட்ச்.

"நாலு பேர வச்சிக்கிட்டு என்னாத்த ஆடுறது? பொணந்தான் தூக்கலாம்!" என்று நடேசன் எரிச்சலில் ஓங்கி ஓர் அடி அடித்தான். பந்து கரைக்கே போய்விட்டது.

கரைக்கு அந்தப் பக்கம் சேரி. கரை மேல் கோவிந்தன் நின்றுகொண்டிருந்தான். பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லை வரைக்கும் போய்விட்டு வந்தவன். கேம்ப்பில் தினமும் பூப்பந்து ஆடியவன். ஊருக்குத் திரும்பியதும் பழையபடி கரையோடு சரி. இதற்கு ஊர்ப் பொதுத் திடல் என்று பெயர். பொது என்றால் யார் யாருக்குப் பொது? அதையெல்லாம் கேட்கப்படாது!

கோவிந்தன் கீழே கிடந்த பனைமட்டை ஒன்றை எடுத்தான். பந்தைத் தூக்கிப் போட்டு ஒரு தட்டு. அது வலையைத் தாண்டிக் கடைக்கோடி மூலையில், கோட்டின் மேலேயே விழுந்தது. திடல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சபாபதி மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"அஞ்சாவது ஆளு கெடச்சிட்டான்" என்றேன். என் வாய் சும்மா இருக்காதே!

நடேசன்தான் இழுத்தான்: "ஆடலாந்தான் மாமா... ஆனா அவன் தொட்ட பந்தத் தொட்டுட்டு நாங்க எப்பிடி வூட்டுக்குள்ள போறது?"

மாமா கண்ணை மூடினார். ஆசாரம் ஜாஸ்தி பார்க்கிறவர். ஒரு பக்கம் ஆசாரம், மறுபக்கம் சிதம்பரம்... பாவம், எவ்வளவு நேரம்தான் தவிப்பார்? கண்ணைத் திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

"பந்து என்னாடா? கம்பளி. பூசையில மடிக்குத் துணி காயலன்னா கம்பளியத்தான சுத்திக்கிறோம்? கம்பளிக்கு ஏதுடா தீட்டு?"

அப்பாடா! நாலு முகமும் மலர்ந்தன. மட்டையில் இழுத்துக் கட்டியிருக்கிற நரம்பு ஆட்டுக் குடல் என்பதை நான் சொல்லவில்லை. எனக்கும் மேட்ச் பார்க்க வேண்டுமே!

மாமாவுக்குக் கோவிந்தனோடு நேரே பேசுகிற வழக்கம் இல்லை. கூப்பிடு தூரத்தில் நிற்கிறவனுக்கு நடேசன் மூலமாகத்தான் உத்தரவு. "நாளைக்கு ஆட வரச் சொல்லுடா அவன."

கோவிந்தன் குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு மட்டும்னா நா வரலீங்க. நானும் எங்க தெரு ஆளுங்களும் தெனம் சாயங்காலம் இங்க வந்து ஆடணும். ஒரு நாளைக்கு ஒட்டாத தீட்டு, தெனம் ஆடுனா ஒட்டிக்குமான்னு ஐயாவக் கேளுங்க."

சபாஷ்! கை தட்டியிருப்பேன், மாமாவின் மீசையைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "மொதல்ல ஜெயிச்சிக் காட்டச் சொல்லு. அப்பறம் பாக்கலாம்."

மற்றவர்களுக்கு அது ஒரு மேட்ச். கோவிந்தனுக்கோ அந்தத் திடலே பந்தயம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை திடலைச் சுற்றி ஊர், கரை மேல் சேரி. முதல் ஆட்டம் சிதம்பரத்துக்கு. இரண்டாவது நமக்கு. கோவிந்தன் பின்வரிசையில் நின்று எடுத்த பந்துகளைப் பார்த்து, சிதம்பரத்துக்காரர்களே "பலே!" என்றார்கள். மூன்றாவது ஆட்டம் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு பாயிண்டில் வந்து நின்றது. அதை எடுக்கிறவர்களுக்கு ஜெயம்.

பந்து உயரமாக வந்தது. சுலபமான பந்து. நடேசனுக்கும் கோவிந்தனுக்கும் நடுவில் இறங்கிற்று. இரண்டு பேரும் ஓடினார்கள். தோளோடு தோள் இடிக்கப் போகிற நேரத்தில் — இவன் சட்டென்று ஓர் அடி பின்னால் வைத்தான். அவனும் வைத்தான். பந்து நடுவில் பொத்தென்று விழுந்தது.

யார் மேல் குற்றம் சொல்ல? இரண்டு பேருமே ஜெயிக்கத்தான் ஓடினார்கள். பிறந்ததிலிருந்து விலகிப் பழகிய கால்கள், தாமாகவே விலகிக்கொண்டன. ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு.

கோவிந்தன் மட்டையைக் கீழே வைத்தான். யார் முகத்தையும் பார்க்காமல் கரையை நோக்கி நடந்தான். ஜெயித்தால்தானே பேச்சு? கரை மேல் இருந்தவர்களும் கலைய ஆரம்பித்தார்கள்.

"ஏம்பா கோவிந்தா! எங்க போற? இங்க வா!"

சபாபதி மாமாவின் குரல். நடேசன் மூலமாக இல்லை, நேராக! கோவிந்தன் திரும்பி வந்தான். மாமா அவனையும் நடேசனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எடுங்க, நீங்க எடுங்கன்னு சம்மந்தி வூட்டுப் பந்தியில ஒக்காந்த மாதிரி ரெண்டு பேரும் வுட்டுட்டு நிக்கிறீங்களே! இடிச்சிக்கிட்டா என்னா, உசுரா போயிடும்?"

"இல்ல மாமா... மேல பட்டுடுமேன்னு..." என்றான் நடேசன்.

"பட்டா படட்டுமே! பட்டிருந்தா ஜெயிச்சிருக்கலாமேடா பாவி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது மாமாவுக்கே உறைத்தது போலிருக்கிறது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலில் சிரித்தது கோவிந்தன். அப்புறம் நடேசன். அப்புறம் எல்லோரும்.

"சிரிப்பு என்னா வேண்டிக் கெடக்கு? நாளையிலேருந்து ரெண்டு பேரும் தெனம் வந்து இடிச்சிக்கிட்டுப் பழவுங்க!"

"எங்க தெரு ஆளுங்க, ஐயா?" கோவிந்தன் விடவில்லை.

"எதுர்ல நின்னு ஆட ஆளு வாணாமா? இட்டுக்கிட்டு வா!"

ஊரே மாறிவிட்டது என்று கதை அளக்க மாட்டேன். கிணறு இன்னும் தனிதான். டீக்கடையில் கிளாஸ் இன்னும் தனிதான். ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். திடல் நிறைய ஆட்கள். நடேசனும் கோவிந்தனும் ஒரே பந்துக்குப் பாய்ந்து, மோதி, இரண்டு பேரும் புழுதியில் உருண்டார்கள். மாமா "அப்பிடித்தான்!" என்று தொடையைத் தட்டினார்.

ஜெயித்திருந்தால் கோவிந்தனுக்கு ஒரு மாலையைப் போட்டு, அன்றோடு கரைக்கு அனுப்பியிருப்பார்கள். நல்லவேளை... தோற்றுத் தொலைத்தார்கள்!